இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் ஊர் விட்டு ஊர் சென்று ஓதிய வரலாறு

பிள்ளைகள் மேல்படிப்புக்காக வெளிதேசம் புறப்படும் காலம் வந்துவிட்டால் நம் கடைகளில் அதுவே பேச்சாக இருக்கும். ஒருவர் மகன் கெய்ரோவுக்குப் போகிறான். ஒருவர் மகள் லண்டனுக்குப் போகிறாள். இன்னொருவர் பேரன் தமிழ்நாட்டு அரபுக் கல்லூரி ஒன்றில் சேருகிறான். புறப்படும் பிள்ளையின் வாப்பா கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்கும் முதல் கேள்வி, அந்த ஊரில் நமக்குத் தெரிந்தவர் யார் இருக்கிறார், அவருக்கு ஒரு கடிதம் வாங்கிக் கொடுக்க முடியுமா என்பதுதான்.

அந்தக் கேள்வியில் குற்றம் ஒன்றுமில்லை. பெற்ற மனம் வேறு எப்படிக் கேட்கும்? ஆனால் சுமார் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, தகப்பனை இழந்த ஓர் ஏழைப் பிள்ளை இதே போல ஒரு சிபாரிசுக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, படிப்பதற்காக வேற்றூர் சென்றது. அந்தக் கடிதத்துக்கு என்ன கதி நேர்ந்தது, அதன் பிறகு அந்தப் பிள்ளை எப்படி அந்த ஊரில் காலூன்றியது என்பதை, போகிற பிள்ளைகளும் அனுப்புகிற நாமும் அறிந்துகொள்வது நலம். அந்தப் பிள்ளைதான், இந்நாட்டு மலாய்ச் சகோதரர்களும் நம் கடற்கரைப் பட்டணத்து மக்களும் பின்பற்றும் மத்ஹபின் இமாமாகிய ஷாபிஈ (ரஹ்) அவர்கள்.

காஸாவிலிருந்து மக்காவுக்கு

இமாம் அவர்களின் இயற்பெயர் முஹம்மது. தகப்பனார் பெயர் இத்ரீஸ். குறைஷிக் குலத்தில் முத்தலிப் கிளையைச் சேர்ந்த குடும்பம். முன்னோர்களில் ஒருவரான ஷாஃபிஉ என்பவரின் பெயரைக்கொண்டே ஷாபிஈ என்று வழங்கப்பட்டார்கள். ஹிஜ்ரி 150ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 767இல், பலஸ்தீனத்துக் காஸாவில் பிறந்தார்கள். இன்று பெயரைக் கேட்டாலே நம் நெஞ்சு கனக்கும் அதே காஸாதான். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் பகுதாதில் வபாத்தானதும் அதே ஆண்டுதான்.

குழந்தை விவரம் அறிவதற்கு முன்பே தகப்பனார் காலமாகிவிட்டார். கையில் காசு இல்லை, துணைக்கு ஆள் இல்லை. பிள்ளை தன் குலமும் கோத்திரமும் தெரியாமல் அன்னிய மண்ணில் வளர்ந்துவிடக் கூடாதே என்று தாயார் அஞ்சினார்கள். சுமார் இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மக்காவுக்குப் பிரயாணமானார்கள். இமாம் அவர்களின் வாழ்க்கையில் முதல் ஊர்மாற்றம் இதுதான். பின்னாளில் அவர்கள் எத்தனையோ நகரங்களுக்குச் சென்றார்கள். அந்தப் பயணங்களுக்கெல்லாம் வித்திட்டவர் இந்த விதவைத் தாய்.

மக்காவில் ஓதக் கொண்டுபோய் விட்டபோது உஸ்தாதுக்குக் கொடுக்கச் சம்பளம் இல்லை. ஆனால் பிள்ளையோ, உஸ்தாது மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதை எல்லாம் உடனுக்குடன் மனத்தில் வாங்கிக்கொண்டது. உஸ்தாது எழுந்து வெளியே போனால் மற்றப் பிள்ளைகளுக்கு அதுவே சொல்லிக்கொடுத்தது. இதைக் கண்ட உஸ்தாது, தமக்குப் பதிலாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதே போதும் என்று சம்பளத்தை விட்டுவிட்டார். ஏழு வயதில் குர்ஆன் ஷரீப் முழுவதும் மனப்பாடமாயிற்று.

அதன் பிறகு பள்ளிவாசலில் உலமாக்களின் சபையில் போய் உட்காரலானார்கள். கேட்ட ஹதீஸ்களை எழுதி வைக்கக் காகிதம் வாங்க வழியில்லை. அகலமான எலும்புகளைப் பொறுக்கி, அவற்றில் எழுதி, வீட்டில் ஒரு பழைய ஜாடியில் போட்டு வைப்பார்கள். சர்க்கார் அலுவலகத்துக்குச் சென்று, ஒரு பக்கம் எழுதிக் கழித்த தாள்களைக் கேட்டு வாங்கி, மறுபக்கத்தில் எழுதிக்கொள்வார்கள். இந்தச் செய்திகளை எல்லாம் இமாம் அவர்களே பின்னாளில் தம் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தாம் பட்ட வறுமையை மறைக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணவில்லை.

அரபு மொழி பிழையின்றி வரவேண்டும் என்பதற்காகப் பாலைவனத்தில் வாழ்ந்த ஹுதைல் கூட்டத்தாருடன் போய்த் தங்கினார்கள். தூய அரபு பேசுவதில் பெயர் பெற்ற கூட்டம் அது. அவர்களுடைய கவிதைகளையும், கூடவே அம்பெய்யும் வித்தையையும் கற்றுக்கொண்டார்கள். பத்து அம்பு எய்தால் பத்தும் குறியில் படும் என்று சொல்லும் அளவுக்குத் தேர்ச்சி உண்டாயிற்று. பிறகு மக்கா திரும்பி, அந்நகரின் முஃப்தி முஸ்லிம் இப்னு காலித் அவர்களிடமும், ஹதீஸ் கலையில் பேர்பெற்ற ஸுஃப்யான் இப்னு உயைனா அவர்களிடமும் ஓதினார்கள்.

மதீனாவின் வாசல்

அக்காலத்தில் மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் இருந்தார்கள். அவர்கள் தொகுத்த முவத்தா என்னும் ஹதீஸ் நூலின் புகழ் எங்கும் பரவியிருந்தது. அவர்களிடம் நேரில் ஓத வேண்டும் என்ற ஆசை ஷாபிஈ அவர்களுக்கு உண்டாயிற்று. மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே சுமார் 280 மைல். அறிமுகம் இல்லாத ஊர். ஆளையே எளிதில் பார்க்க முடியாத ஆசிரியர். இந்த நிலையில் நம்மில் யாராக இருந்தாலும் என்ன செய்வோமோ, அதைத்தான் அவர்களும் செய்தார்கள். மக்காவின் அமீரிடம் சென்று, மதீனாவின் அமீருக்கு ஒன்றும், இமாம் மாலிக் அவர்களுக்கு ஒன்றுமாகக் கடிதம் வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் அதற்கு முன்பே அவர்கள் இன்னொரு காரியம் செய்திருந்தார்கள். மக்காவில் ஒருவரிடம் முவத்தாவை இரவல் வாங்கி, முழு நூலையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மதீனா சேர்ந்து அமீரிடம் கடிதத்தைக் கொடுத்தார்கள். அமீர் படித்துப் பார்த்தார். மதீனாவின் நடுவிலிருந்து மக்காவின் நடுவுக்கு வெறுங்காலோடு நடந்துபோகச் சொன்னாலும் போய்விடலாம், மாலிக்கின் வாசலுக்குப் போவது அதைவிடக் கடினம் என்று அவர் அலுத்துக்கொண்டார். ஊர் அனுபவம் இல்லாத வாலிபர், தாங்கள் அமீராயிற்றே, அவரை இங்கே வரச்சொல்லலாமே என்றார். அது நடக்கிற காரியமா, நாம் எல்லோரும் வாகனம் ஏறிச் சென்று, அகீக் பள்ளத்தாக்கின் புழுதியை மேலெல்லாம் பூசிக்கொண்டு நின்றால் ஏதோ கொஞ்சம் காரியம் ஆகலாம் என்றார் அமீர்.

அன்று அஸர் நேரத்தில் அப்படியே புறப்பட்டுப் போனார்கள். புழுதியும் அப்படியே படிந்தது. கதவைத் தட்டியதும் ஒரு பணிப்பெண் வெளியே வந்தாள். அமீர் வந்திருப்பதாக உள்ளே சொல்லச் சொன்னார்கள். போனவள் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது கொண்டுவந்த பதில் இது: மஸ்அலா கேட்பதாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பதில் வரும், ஹதீஸ் கேட்பதாக இருந்தால் சபை கூடும் நாள் உங்களுக்குத் தெரியும், இப்போது போகலாம். மக்கா அமீரின் கடிதம் ஒன்று இருக்கிறது, முக்கியமான காரியம் என்று மறுபடி சொல்லியனுப்பினார்கள். பணிப்பெண் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். பின்னால் உயரமான, கம்பீரமான முதியவராக இமாம் மாலிக் அவர்கள் வந்து அமர்ந்தார்கள்.

கடிதம் கைக்குப் போயிற்று. இந்தப் பிள்ளை இன்ன குடும்பத்தைச் சேர்ந்தவர், இவருக்கு ஓதிக்கொடுக்க வேண்டும் என்ற இடம் வந்ததும், இமாம் மாலிக் அவர்கள் கடிதத்தை அப்படியே கீழே எறிந்துவிட்டார்கள். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் இல்மு சிபாரிசின் பேரில் பெறும் பொருளாகிவிட்டதா என்று வியந்து கேட்டார்கள். ஊரை ஆளும் அமீர் வாய் திறக்க அஞ்சி நின்றார்.

எத்தனை பெரிய சோதனை பாருங்கள்! நம்பிக் கொண்டுவந்த ஒரே கடிதம் தரையில் கிடக்கிறது. பேசித் தருவார் என்று நம்பிய அமீர் மௌனமாகிவிட்டார். அந்த நேரத்தில் வாலிபர் ஷாபிஈ தாமே முன்வந்து, தாம் முத்தலிப் கிளையைச் சேர்ந்தவர் என்றும், தம்முடைய நிலைமை இன்னது என்றும், எதற்காக வந்தார் என்றும் அடக்கமாக எடுத்துச் சொன்னார்கள். இமாம் மாலிக் அவர்களுக்கு ஆளை முகம் பார்த்து அறியும் திறமை உண்டு. சற்று நேரம் உற்றுப் பார்த்தார்கள். பெயர் கேட்டார்கள். அல்லாஹ்வை அஞ்சி நடக்கும்படியும், பாவங்களை விட்டு விலகும்படியும், பிற்காலத்தில் அவருக்கு ஒரு பெரிய நிலை உண்டு என்றும் சொன்னார்கள். பிறகு, நாளைக்கு வா, உனக்காகக் கிதாபைப் படிக்க ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வா என்றார்கள். நானே படிப்பேன் என்றார்கள் ஷாபிஈ.

மறுநாள் கிதாபு கையில் இருந்தது. படிப்போ நெஞ்சிலிருந்து வந்தது. ஆசிரியரின் கம்பீரத்துக்கு அஞ்சி அவ்வப்போது நிறுத்தப் பார்ப்பார்கள். ஆனால் பிழையற்ற அந்த அரபு உச்சரிப்பு இமாம் மாலிக் அவர்களைக் கவர்ந்துவிட்டது. இன்னும் படி, இன்னும் படி என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சில நாட்களில் நூல் முழுவதும் முடிந்தது. காகிதத்தில் எழுதி வந்த சிபாரிசு செய்ய முடியாததை, வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்து வந்த பாடமும், பாலைவனத்தில் கற்ற மொழியும் செய்தன. இமாம் மாலிக் அவர்கள் ஹிஜ்ரி 179இல் (கி.பி. 795) வபாத்தாகும்வரை ஷாபிஈ அவர்கள் மதீனாவைத் தங்கள் ஊராக்கிக்கொண்டு ஓதினார்கள்.

விலங்கோடு கண்ட இராக்

ஆசிரியர் மறைந்த பிறகு பிழைப்புக்கு ஒரு வழி தேட வேண்டியதாயிற்று. யமன் தேசத்து அதிகாரி ஒருவர் உத்தியோகம் தருவதாக அழைத்தார். பிரயாணத்துக்கு வேண்டிய துணிமணி வாங்கவும் தாயாரிடம் பணம் இல்லை. குடியிருந்த வீட்டை அடகு வைத்துப் பணம் கொடுத்தார்கள். மகனைப் படிக்க அனுப்ப நகையை விற்ற தாய்மார்களை நாம் அறிவோம். அவர்கள் இந்த இடத்தைப் படித்து ஆறுதல் அடைவார்களாக.

யமனில் நஜ்ரான் பகுதியில் நீதியாக அலுவல் பார்த்ததால் விரோதிகள் உண்டானார்கள். கலீபா ஹாரூன் ரஷீதின் ஆட்சிக்கு எதிரானவர்களோடு சேர்ந்தவர் என்று குற்றம் சாட்டப்பட்டு, ஹிஜ்ரி 184இல் விலங்கிடப்பட்டு கலீபாவின் முன்னால் நிறுத்தப்பட்டார்கள். உடன் பிடிபட்டவர்கள் மரண தண்டனை அடைந்ததாக வரலாறு கூறுகிறது. ஷாபிஈ அவர்களின் தெளிவான பேச்சும், அவர்களைப் பற்றி இமாம் முஹம்மது இப்னுல் ஹஸன் ஷைபானீ (ரஹ்) அவர்கள் சொன்ன நல்வார்த்தையும் உயிரைக் காப்பாற்றின. இமாம் அபூஹனீஃபா அவர்களின் பெரும் சீடரே இந்த ஷைபானீ.

உயிர் தப்பியவர் வேறு யாராவது ஆனால் அன்றிரவே ஊருக்கு ஓட்டம் பிடித்திருப்பார். ஷாபிஈ அவர்களோ அங்கேயே தங்கி மறுபடியும் மாணவரானார்கள். வயது முப்பதைத் தாண்டியாயிற்று. மதீனாவில் பேர்பெற்ற ஆசிரியரிடம் ஓதியாயிற்று. ஆயினும் இராக்கியரின் ஃபிக்ஹு வேறு முறையில் செல்வதைக் கண்டதும், அதையும் அடியிலிருந்து கற்க வேண்டும் என்று ஷைபானீ அவர்களின் சபையில் போய் அமர்ந்தார்கள். அவர்களுடைய நூல்களுக்காக அறுபது தீனார் செலவு செய்ததாகவும், ஓர் ஒட்டகச் சுமை அளவுக்கு அவர்களிடமிருந்து எழுதிக்கொண்டதாகவும் இமாம் அவர்களே கூறியிருக்கிறார்கள். ஒப்புக்கொள்ள முடியாத இடத்தில் ஆசிரியரோடு வாதமும் செய்தார்கள். வாதம் செய்ததால் மரியாதை குறையவில்லை. மரியாதை இருந்ததால் வாதத்தை விடவுமில்லை.

நம் சமூகத்தில் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபீ. மரைக்காயர்களும் கடலோரத்து மக்களும் பெரும்பாலும் ஷாபிஈ. இந்நாட்டுப் பள்ளிவாசல்களில் இரு சாராரும் ஒரே ஸஃப்பில் நிற்கிறோம். எப்போதாவது சிறிய மஸ்அலாவை வைத்துக்கொண்டு மனஸ்தாபப்படுகிறவர்களும் உண்டு. ஷாபிஈ மத்ஹபின் இமாம், ஹனஃபீ மத்ஹபின் இமாம் ஒருவரிடம் மண்டியிட்டு ஓதியவர் என்பதை அறிந்தால் அந்த மனஸ்தாபத்துக்கு இடமேது?

மிஸ்ரில் மறுபடியும்

பிறகு மக்கா திரும்பிப் பல்லாண்டுகள் தாமே ஓதிக்கொடுத்தார்கள். ஹிஜ்ரி 195இல் மீண்டும் பகுதாது சென்றபோது, மாணவராக அன்றி இமாமாகச் சென்றார்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) போன்ற மேதைகள் அவர்களிடம் பயன் பெற்றனர். எனினும் அங்கேயும் நிலைத்துவிடவில்லை. தம் வாழ்நாளின் கடைசி ஐந்தாறு ஆண்டுகளை மிஸ்ரு தேசத்தில் கழித்தார்கள். கெய்ரோ என்ற பெயரில் அன்று ஒரு நகரமே கிடையாது. ஃபுஸ்தாத் என்பதுதான் தலைநகர். அங்கே முதலில் தாய்வழி உறவினரான அஸ்து கூட்டத்தாரிடம் இறங்கினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா சேர்ந்தபோது தாய்வழி உறவினரிடையே தங்கியதைப் பின்பற்றியே அவ்வாறு செய்ததாகக் கூறுவர்.

அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் கட்டிய பள்ளிவாசலில் அன்றாடம் பாடம் நடந்தது. சுப்ஹுக்குப் பின் குர்ஆன் ஓதுவோர் வருவார்கள். அவர்கள் எழுந்தபின் ஹதீஸ் மாணவர்கள், பிறகு வாதம் செய்து ஆராய்வோர், பிறகு அரபு மொழியும் கவிதையும் படிப்போர் என்று நண்பகல் வரை நீளும். இரவை மூன்று பங்காக்கி, ஒன்றை எழுதுவதற்கும், ஒன்றைத் தொழுகைக்கும், ஒன்றை உறக்கத்துக்கும் ஒதுக்கினார்கள். அங்கேதான் ரிஸாலா என்னும் நூலைத் திருத்தி எழுதினார்கள். அல்உம்மு என்னும் பெருநூலை மாணவர் ரபீஉ அவர்கள் வழியாக விட்டுச்சென்றதும் அங்கேதான்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐம்பது வயதை எட்டிய, நாடெங்கும் புகழ்பெற்ற இமாம் அவர்கள், புதிய ஊரில் புதிய ஆதாரங்களையும் புதிய வழக்கங்களையும் கண்டபோது, தாம் பகுதாதில் சொன்ன பல முடிவுகளை மறுபடியும் ஆராய்ந்து மாற்றிக்கொண்டார்கள். பகுதாதில் சொன்னதைப் பழைய சொல் என்றும், மிஸ்ரில் சொன்னதைப் புதிய சொல் என்றும் நம் கிதாபுகளில் இன்றும் பிரித்துக் காட்டுகிறார்கள். மிஸ்ரில் இமாம் மாலிக் அவர்களைப் பின்பற்றுவோர் ஏராளம். தம் ஆசிரியரின் கருத்துக்கு மாறாக எழுத வேண்டி வந்தபோது, ஓராண்டு காலம் இஸ்திகாரா செய்து அல்லாஹ்விடம் வழி கேட்ட பிறகே எழுதினார்கள். கருத்தில் மாறினாலும், ஆலிம்களின் நடுவே மாலிக் அவர்கள் ஒரு நட்சத்திரம் என்று சொல்வதை அவர்கள் நிறுத்தவே இல்லை.

ஹிஜ்ரி 204ஆம் ஆண்டு ரஜப் மாதக் கடைசியில் (கி.பி. 820) இமாம் அவர்கள் ஃபுஸ்தாதில் வபாத்தானார்கள். அப்போது வயது 54. அவர்களின் அடக்கத்தலத்தின் மேல் ஹிஜ்ரி 608இல் (கி.பி. 1211) ஐயூபி வமிசத்துச் சுல்தான் காமில் கட்டிய குப்பா கெய்ரோவில் இருக்கிறது. அதன் உச்சியில் உலோகத்தால் ஆன ஒரு சிறு படகு நிற்கிறது. கடல் தாண்டிப் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகள் ஜியாரத்துக்குப் போனால் அண்ணாந்து பார்க்கட்டும்.

போகிறவர்களுக்கும் அனுப்புகிறவர்களுக்கும்

மதீனாவுக்குக் கடிதத்தோடு சென்றார்கள், கடிதம் பயன்படவில்லை. இராக்குக்கு விலங்கோடு சென்றார்கள். அந்த அவமானம் தடுக்கவில்லை. மிஸ்ருக்குப் புகழோடு சென்றார்கள். அந்தப் புகழும் அவர்களைக் கற்பதிலிருந்து நிறுத்தவில்லை. மூன்று ஊரிலும் அவர்கள் முதலில் செய்தது ஒன்றுதான்: அந்த ஊரில் என்ன இல்மு இருக்கிறது என்று பார்த்து, அதற்கு முன்னால் அடக்கமாக உட்கார்ந்தார்கள்.

புது ஊரில் முதல் சில மாதங்கள் பிள்ளைகளுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, பாஷை பிடிபடாது, ஆசிரியர் கடுமையாகத் தெரிவார், வீட்டு நினைவு வாட்டும். நம்பிப் போன ஆள் முகம் கொடுக்காமலும் போகலாம். அப்போது மனம் ஒடிந்து ஊருக்குத் திரும்ப நினைக்கும் பிள்ளை, மதீனாவில் அந்த வாசலில், தரையில் கிடந்த கடிதத்துக்குப் பக்கத்தில் நின்ற வாலிபரை நினைத்துக்கொள்ளட்டும். அவர் திரும்பிப் போயிருந்தால் இன்று ஒரு மத்ஹபே இல்லை.

வாப்பாமார்களுக்கும் ஒரு வார்த்தை. கடிதம் வாங்கிக் கொடுங்கள். விலாசம் எழுதிக் கொடுங்கள். ஊரில் இறங்கியதும் வந்து கூட்டிப்போக ஆள் ஏற்பாடு செய்யுங்கள். இமாம் அவர்களும் கடிதம் வாங்கிக்கொண்டுதானே போனார்கள்! ஆனால் விமானம் ஏறுவதற்கு ஆறு மாதம் முன்பே, பிள்ளை போய்ப் படிக்கப்போகும் பாடத்தில் ஒரு நூலையாவது வீட்டில் உட்கார்ந்து படித்து முடித்திருக்கிறதா, அந்த ஊர்ப் பாஷையில் நாலு வார்த்தை பிழையின்றிப் பேச வருகிறதா என்று கேளுங்கள். இரவல் வாங்கிய முவத்தாவை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு போனவருக்குத்தான் அந்த வாசல் திறந்தது.

கல்வியை நாடி வீட்டை விட்டுப் புறப்படும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹுத்தஆலா நல்ல ஆசிரியர்களையும், நல்ல அயலாரையும், தளராத மனத்தையும் தந்து, ஸலாமத்தாக நம்மிடம் திருப்பிச் சேர்த்து வைப்பானாக. ஆமீன்.